வளையல் பச்சை

விளக்கெண்ணெயைத் தடவித் தடவி இழுத்தும் வளையல்கள் ராமலெட்சுமியின் புறங்கையைத் தாண்டவில்லை. வீட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து அவள் கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, முன்வாசலில் தங்கசாமியைக் குளிப்பாட்ட நீர்மாலைக் குடங்கள் வந்துவிட்டன. புருஷன் செத்து ஒரு பொழுதுகூட ஆகவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. வளையல் முழுசாகக் கழன்றுவிட வேண்டும், அவ்வளவுதான்.

அவன் கடைசியாகப் பார்த்தது அவள் முகத்தை அல்ல. ஓட்டு மெருகுக்கு இடிக்கிற கண்ணாடித் தூளை மூச்சில் இழுத்து இழுத்து நெஞ்சு அடைத்துப்போனவன், விடியற்காலையில் அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினான்.

"நல்ல பச்சை. மூக்கையாகிட்டச் சொல்லிருக்கேன்."

என்ன சொல்லியிருக்கிறான் என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. உடைந்த சோடா பாட்டிலையும் விளக்குச் சிம்னியையும் இடித்து, துணியில் சலித்து, களிமண்ணும் கஞ்சியும் சேர்த்துக் கரைத்துத் தரை ஓட்டில் பூசிச் சூளையில் வைப்பான். மெருகு ஏறும், ஆனால் வெளுப்பாகவே வரும். நிறம் வளையல் கண்ணாடியில்தான் இருக்கிறது என்று கண்டுகொண்ட நாளிலிருந்து, திருப்புல்லாணி சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவு வீடானாலும் அவன் நின்றான். தாலியறுத்தவள் கையிலிருந்து உடைத்துப் போட்டதை யாரும் தொடமாட்டார்கள். அவன் ஓலைப்பெட்டியோடு குனிந்து பொறுக்குவான். சொந்த அண்ணன் செத்தபோதும் அழாமல் மதினி சோணையம்மாளின் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். கல்யாண வீட்டுக்கு அவனை யாரும் கூப்பிட்டதில்லை. இவ்வளவு செய்தும் பூச்சில் மயிரிழையாக வெடிப்பு விழும். விலைபோகாத ஓடெல்லாம் அவள் அடுப்படியில் பதிந்தன.

"என்னடி செய்றே இங்கன?"

சோணையம்மாள்தான் தேடிக்கொண்டு வந்திருந்தாள். எண்ணெய்க் கையைப் பார்த்தாள்.

"கழட்டக்கூடாதுடி, உடைக்கணும். கழட்டுனா இன்னொருத்தனுக்கு மாட்டிக்கிறதுக்குன்னு பேசுவாளுக."

"ஒருத்தன்கிட்டப் பட்டது போதும்க்கா."

சோணையம்மாள் அவளை இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். அங்கே, சூளைக்கு விறகு போடுகிற மூக்கையா பெட்டியோடு நின்றான். முதலாளியைப் போலவே அவனும் கையைத்தான் பார்த்தான்.

"எதுக்கு நிக்கிறே?" என்றாள் ராமலெட்சுமி.

"அண்ணேன் சொல்லிட்டுப் போச்சு மதினி. கடைசிச் சூளைக்குப் பச்சை ஒரு பிடி கொறையுதாம்."

"ஒங்கண்ணேனையே கொண்டுபோய் இடிச்சுச் சலிச்சுக்க. அதுலயும் பாதி கண்ணாடிதான் இருக்கும்."

சுற்றியிருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மூக்கையா நகரவில்லை.

சோணையம்மாள் அவள் கையை அம்மிமேல் வைத்துக் குழவியால் தட்டினாள். எண்ணெயில் வழுக்கிய துண்டுகளை ராமலெட்சுமி மடியில் வாரினாள். விரல் அறுத்தது. யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், உப்பேறிப் பாழாய்க் கிடந்த கொல்லைக் கிணற்றுக்குப் போய் மடியை உதறினாள். பின்னாலேயே வந்த மூக்கையா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, வெறும் பெட்டியோடு போனான். அவளுக்கு அந்த நாளில் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான்.

பாடை தெருமுனை திரும்பியதும் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். அடுப்படியில் வாளியோடு நின்ற சோணையம்மாள் வேலையை நிறுத்தினாள்.

"ஏண்டி, எங் கை வளையல் எந்த ஓட்டுல இருக்கு?"

ராமலெட்சுமிக்குத் தெரியாது. எத்தனை பெண்களின் வளையல் ஒன்றாக இடிபட்டு இந்தத் தரையில் கிடக்கிறதோ. மீன் கழுவிய தண்ணீரை அதன்மேல்தான் கொட்டி வந்திருக்கிறாள். நாம் தப்பிவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"அந்தத் தண்ணிப் பானைக்கு அடியில," என்றாள்.

சோணையம்மாள் பானையை நகர்த்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஈரத்தில் ஓடு பச்சையாக இருந்தது, குறுக்கே ஒரு வெடிப்பு.

"மங்கலாத்தான் வந்திருக்கு."

பானையைத் தூக்கி அதே இடத்தில் வைத்துவிட்டு, அடுத்த அறையைக் கழுவப் போனாள்.