நுரையீரலுக்குப் போன ரத்தம்

என் ஜீப்பில் எது பாட வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்வேன், ஏறி உட்காரும் பதினான்கு பொம்பளைகள் இல்லை. 2008 ஆடி மாதம் வரைக்கும் கம்பம் ஜீப் ஸ்டாண்டில் இதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்கப்புறம் சொல்லவில்லை. சொல்ல வாயில்லை.

தினமும் காலை ஆறு மணிக்கு ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிறவன் நான். கம்பம்மெட்டு மலை ஏறி, கேரள எல்லை தாண்டி, வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் இறக்கிவிடுவேன். சாயங்காலம் அதே ஆட்களைக் கீழே கொண்டுவருவேன். வண்டியின் கேசட் பிளேயர் என்றைக்கோ செத்துப்போயிருந்தது, ரேடியோவுக்கு மட்டும்தான் உயிர் இருந்தது. அந்தச் சித்திரையில் சவுதியிலிருந்து வந்த என் மச்சான் நவாஸ் விரல் நீளத்துக்கு ஒரு எம்பி3 பிளேயரும், கூடவே ஒரு எஃப்எம் டிரான்ஸ்மிட்டரும் கொண்டுவந்து கொடுத்தான். பிளேயரில் ஓடுகிற பாட்டை டிரான்ஸ்மிட்டர் காற்றில் விடும், வண்டி ரேடியோ அதைப் பிடித்துப் பாடும். அதைச் சொருகுவதற்கு சிகரெட் லைட்டர் ஓட்டை வேண்டும். என் ஓட்டை ஜீப்புக்கு அது ஏது? எலக்ட்ரீஷியன் பிச்சைமணியைப் பிடித்து ஒன்று வைத்துக்கொண்டேன்.

ரேடியோவில் வேறு எந்த நிலையமும் பேசாத ஓர் இடத்தில் டிரான்ஸ்மிட்டரை வைக்க வேண்டும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இங்கே வைத்தால் கொடைக்கானல் ரேடியோ ஏறி மிதிக்கும், அங்கே வைத்தால் மலையாளம் புகுந்துகொள்ளும். ஒரு வாரம் மலை ஏறி இறங்கிக் கடைசியில் எண்பத்தொன்பதுக்குப் பக்கத்தில் ஒரு காலி இடம் பிடித்தேன். அடிவாரத்திலிருந்து தோட்டத்து கேட் வரை ஒரு இரைச்சல் கிடையாது. குரங்குப்பாறை வளைவில் மட்டும், எதிர்மலைக்கு நேராக வண்டி திரும்பும்போது, ஒன்றரை நிமிஷம் மலையாளத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்து போகும். தினமும் அதே நேரம், அதே கடை. ஒரு பாட்டில் பாதி போனால் என்ன குடியா முழுகிவிடும் என்று விட்டுவிட்டேன். யாராவது கேட்டால், கலீல் ரஹ்மான் வண்டியில் குறுக்கே எதுவும் வராது என்று அடித்துச் சொல்வேன்.

எனக்குப் பின்னால் வருகிற ஜீப் ராக்கையாவுடையது. அவன் தன் ரேடியோவையும் அதே இடத்தில் திருப்பி வைத்துக்கொண்டு, என் பின்பக்கத்தை முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டே வந்து, என் பாட்டைத் தன் ஆட்களுக்குப் போட்டான். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே. ஸ்டாண்டில் வைத்து நாலு வார்த்தை கேட்டேன். காத்துல வர்றதுக்கு நீ என்ன பட்டா வச்சிருக்கியா என்று சிரித்தான்.

இப்படி ராஜாவாக இருந்தவனிடம் ஆடியில், தினமும் என் வண்டியில் தோட்டத்துக்கு வருகிற சந்தனம்மாள் அக்கா வந்து நின்றார்.

அக்கா விதவை. முப்பத்தொன்பது முடியப் போகிறது. உத்தமபாளையத்தில் கல்லூரியில் படிக்கிற ஒரே மகள். அவர்கள் தெரு அங்கன்வாடியில் டீச்சர் வேலை ஒன்று காலியாக இருந்தது. பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும், நாற்பது வயதைத் தாண்டக் கூடாது. அக்கா தனித்தேர்வு எழுதி மற்ற பாடமெல்லாம் தேறியாயிற்று, அறிவியல் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. ஒரு தடவை இருபத்திரண்டு, ஒரு தடவை இருபத்தொன்பது. முப்பத்தைந்து எடுத்தால் போதும். செப்டம்பர் பரீட்சையை விட்டால் வயது ஓடிப்போகும். காலை நாலு மணிக்கு எழுந்து சாயங்காலம் ஏழு மணிக்கு வீடு வருகிறவருக்குப் புத்தகத்தைத் திறந்தால் தூக்கம்தான் வரும். என் பிளேயரில் குரலையும் பதியலாமாம், கொடுத்தால் மகள் பாடத்தைச் சத்தமாக வாசித்து அதில் பதிந்து தருகிறாளாம். போகிற வழியில் போட முடியுமா என்று கேட்டார்.

முடியாது என்றுதான் சொல்ல வந்தேன். ஆனால் அந்த மனுஷி கெஞ்சவில்லை. கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. சரிக்கா என்றுவிட்டேன்.

மறுநாள் வண்டிக்குள் கலவரம். முன்னால் நின்று சண்டை போட்டது அன்னத்தாய். ஐம்பது வயது, கைநாட்டு, வாய் மட்டும் ஏழு ஊருக்குக் கேட்கும். முதுகு ஒடிய ஏலக்காய் எடுக்கிற எங்களுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் இந்தப் பாட்டு, அதிலும் மண்ணைப் போடுகிறாயா, உன் வண்டியே வேண்டாம், ராக்கையா வண்டியில் போகிறோம் என்று இறங்கப் பார்த்தாள். ராக்கையா வண்டியிலும் இதே பாடம்தான் கேட்கும் என்றேன். அப்புறம்தான் உட்கார்ந்தாள். ஏறும்போது பாடம், இறங்கும்போது பாட்டு என்று ஒப்பந்தம் ஆனது.

மகள் ஐந்து பாடமாகப் பதிந்து கொடுத்திருந்தாள். நாளுக்கு ஒன்று, மேலே போய்ச் சேரும்வரை ஓடும்; ஐந்தும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. ஊருக்குள் இரைச்சல் என்பதால் அடிவாரத்தில்தான் தினமும் தொடங்குவேன். முதல் வாரம் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். இரண்டாவது வாரம் தூங்கினார்கள். மூன்றாவது வாரம் பின்சீட்டில் ஒருத்தி, சிறுநீரகம் எத்தனை என்று இன்னொருத்தியைக் கேட்டாள். அதற்கப்புறம் வண்டி வண்டியாக இல்லை. தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டே ஒருத்திக்கு ஒருத்தி கேள்வி கேட்டார்களாம். கேரளத்துக் கணக்கப்பிள்ளை, இவர்களுக்கு என்ன ஆகிவிட்டது என்று என்னிடம் விசாரித்தார். அன்னத்தாய் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டாள். அமிலத்தில் லிட்மஸ் என்ன நிறம் என்றால், கேட்டு முடிப்பதற்குள் சிவப்பு என்பாள். லிட்மஸ் என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம். வண்டி கிளம்பும்போது நான் பாட்டுப் போடப் போனேன். அன்னத்தாய் முன்னால் எட்டி என் தோளில் தட்டினாள்.

"பாட்டு எங்க போகுது, நாளைக்கிக் கேட்டுக்கலாம். புள்ளைக்குப் பரீச்சை. பாடத்தப் போடு கலீலு."

போட்டேன். இதயம் பற்றிய பாடம். வலது ஆரிக்கிள், வலது வென்ட்ரிக்கிள், அங்கிருந்து ரத்தம் நுரையீரலுக்குப் போகிறது. பதினான்கு பேரும் கூடவே முணுமுணுத்தார்கள். மகளின் குரல் நிற்காமல் போனது. நுரையீரலில் சுத்தமான ரத்தம் இடது ஆரிக்கிளுக்குத் திரும்பி வருகிறது, அங்கிருந்து இடது வென்ட்ரிக்கிள், அங்கிருந்து பெருந்தமனி வழியாக உடம்பு முழுக்க. முணுமுணுப்பு நின்றுபோனது.

"திரும்பி வருதா?" என்றாள் அன்னத்தாய். "ரத்தம் நுரையீரலுக்குப் போயிருச்சுன்னு சொல்லி நகைக்கடை வரும். நகைக்கடை முடிஞ்சா நாடித்துடிப்பு வரும். திரும்பி வருதுன்னு இன்னிக்கித்தான கேக்குறேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏறும்போது அடிவாரத்தில் தொடங்கினால் குரங்குப்பாறை வளைவு பாடத்தின் நடுவில் வரும். இப்போது மேலிருந்து தொடங்கியதால் வளைவு வேறு இடத்தில் விழப் போகிறது. இரண்டு மாதமாக அந்த மலையாளக்காரன் பாடத்தில் ஒன்றரை நிமிஷத்தைத் தின்றுகொண்டிருந்திருக்கிறான். ஒரு பாடத்தில் மட்டுமா? ஐந்து பாடத்திலும். ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று கத்தினேன். ரேடியோவென்றால் நடுவில் விளம்பரம் வரத்தானே செய்யும், விட்ட இடத்திலிருந்து மறுபடி சொல்வார்கள் என்றல்லவா இருந்தோம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? விளம்பரம் வருகிறது என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான்தான். என் வண்டியில் குறுக்கே எதுவும் வராது என்று ஊரெல்லாம் பீற்றியதும் நான்தான்.

சந்தனம்மாள் அக்கா முன்சீட்டிலிருந்து என் பக்கம் திரும்பினார். "ரெண்டு தடவையும் இப்படித்தான் தம்பி, தெரிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டுப் போவேன்" என்றார்.

அவ்வளவுதான், எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மலையை இறங்கியதும் வண்டியை நேரே ஜீப் ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். மணி ஆறரை. இன்னும் நாலு பாடத்தில் ஓட்டை இருக்கிறது, எங்கே என்று கண்டுபிடித்து அடைத்துவிட்டுத்தான் இந்த வண்டி நகரும், வீட்டுக்குப் போகிறவர்கள் போகலாம் என்றேன். ஒருத்தியும் இறங்கவில்லை. அடுப்பு ஒரு நாள் லேட்டாக எரிந்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள் என்று அன்னத்தாய் எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னாள்.

ஓட்டை எங்கே என்று தேட வேண்டிய வேலையே இல்லை. ஒவ்வொரு பாடத்திலும் எந்தச் சொல்லுக்கு அப்புறம் நகைக்கடை வரும் என்று அந்தக் கைநாட்டு அன்னத்தாய் மனப்பாடமாக வைத்திருந்தாள். மின்தடை வரைக்கும் வந்து நிக்கும், அங்கன இருந்து போடு என்பாள். நான் பிளேயரை ஓட்டி அந்த இடத்தில் நிறுத்துவேன். தொலைந்துபோன ஒன்றரை நிமிஷம் வெளியே வரும். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், திருப்பிச் சொல்வார். தப்பினால் பின்னாலிருந்து பத்துப் பேர் திருத்துவார்கள். மறுபடி போடுவேன்.

பக்கத்தில் ராக்கையா வண்டி நின்றது. வழக்கம்போல என் பாட்டைத் திருட ரேடியோவைத் திறந்து வைத்திருந்தவனுக்கு மின்தடையும் குழிலென்சும் கேட்டன. எட்டிப் பார்த்து என்ன கூத்து இது என்றான். நான் இருந்த எரிச்சலில், வாயை மூடிக்கொண்டு போடா என்றேன். அக்காவின் முகத்தைப் பார்த்தான். தன் வண்டிக்குப் போய் ஸ்பீக்கர் சத்தத்தை முழுசாகத் திருகி விட்டான். அவனுடைய ஸ்பீக்கர் என்னுடையதைவிட நல்ல ஸ்பீக்கர் என்பதை அன்றைக்கு ஒத்துக்கொண்டேன். ஐந்தாவது பாடத்தின் ஓட்டையும் அடைபட்டபோது மணி எட்டு. கடைசியாக இதயத்தை இன்னொரு தடவை போட்டோம். ரத்தம் நுரையீரலுக்குப் போய், திரும்பி வந்து, உடம்பெல்லாம் ஓடியது. ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள்.

பரீட்சை முடிந்து அக்கா வெளியே வந்தபோது, எப்படி என்று கேட்டேன். இதயம் ஐந்து மார்க் கேள்வியாக வந்ததாம். எழுதியிருக்கிறேன் என்றார்.

ரிசல்ட் நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. தோட்டத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. காலையில் வழக்கம்போல எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனேன். நான் அவர்களை இறக்கிவிட்டு, கீழே வந்து, ஜும்மா தொழுதுவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். பார்த்தோம். அங்கேயே பிளேயரை அவள் கையில் கொடுத்து ஒரு வேலை சொன்னேன். நான் சென்டருக்குக் காசு கொடுத்துவிட்டு வருவதற்குள் பதிந்து தந்தாள்.

சாயங்காலம் தோட்டத்து கேட்டில் பொம்பளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். நெட் கிடைக்கவில்லை, நாளைக்குத்தான் தெரியும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னேன். திட்டிக்கொண்டே ஏறினார்கள். அக்கா முன்சீட்டில் உட்கார்ந்தார். என்ஜினைப் போடாமல் ரேடியோவை மட்டும் போட்டேன்.

"பாடம் ஆறு" என்றது மகளின் குரல், அதே வாசிக்கிற குரலில். பரீட்சைதான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன பாடம் என்று அன்னத்தாய் ஆரம்பித்தாள். குரல் தன்பாட்டுக்குப் போனது. "தேர்வு முடிவுகள். பெயர், சந்தனம்மாள். பாடம், அறிவியல். மதிப்பெண், நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. தேர்ச்சி."

வண்டி குலுங்கியது. பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் கத்தினால் ஜீப் தாங்குமா? அன்னத்தாய் மேல் தகரத்தைப் படார் படாரென்று அடித்தாள், யாரோ என் தலைமுடியைப் பிடித்து உலுக்கினார்கள். பின்னால் நின்ற ராக்கையா வண்டியிலும் அது கேட்டிருக்கிறது, அவன் ஹார்னை அமுக்கிய கையை எடுக்கவே இல்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஓடிவந்து பார்த்தார். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். சொல்ல என்ன வெட்கம், அழுதேன்.

அக்கா மட்டும் கையைத் தூக்கி எல்லாரையும் அடக்கினார்.

"இருங்கடி. அவ இன்னும் ஏதோ சொல்றா."

மார்க்கை மட்டும்தான் நான் வாசிக்கச் சொல்லியிருந்தேன். வாசித்த பிறகும் அவள் பிளேயரை நிறுத்தாமல் விட்டிருக்கிறாள். சத்தத்தில் தவறிப்போனதைத் திருப்பி ஓட்டினேன். தேர்ச்சி என்ற சொல்லுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வாசிக்கிற குரலாக இல்லாமல், வீட்டில் பேசுகிற குரலாக வந்தது.

"அம்மா. மலை ஏறுனது போதும்மா. கீழ எறங்கி வா."

அக்கா இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்தார். ஏலச்செடிக்குள் நனையாமல் இருக்கப் பன்னிரண்டு வருடமாகக் கட்டிய சாக்கு. உதறி மடித்துப் பின்னால் அன்னத்தாயிடம் கொடுத்தார்.

"வண்டிய எடு தம்பி" என்றார்.