பெயர் வைக்கக் கூடாத ஆட்டம்

கல்மண்டபத்திலிருந்து துறைமுக வாசலுக்குப் போகும் சாலையில் நிற்கும் டிரெய்லர் வரிசை, ஒரு மனிதன் ஆடியதற்காக முதன்முதலில் நகர்ந்தது 2022ஆம் வருடம் ஜூன் மாதம், இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு. பதினான்கு வண்டி நீளம் நகர்ந்தது. எஞ்சின்கள் அணைந்திருந்தன, பிரேக்குகள் போட்டிருந்தன, ஓட்டுநர்களில் பாதிப்பேர் அவரவர் வண்டிக்கு அடியில் லுங்கி விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். விழித்தபோது தலைக்கு மேல் வேறு ஆளுடைய வண்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஒருவருடைய சோற்றுப் பானை மட்டும் கவிழ்ந்தது, அதையும் அவரே எழுந்த வேகத்தில் உதைத்துக்கொண்டார் என்று பின்னால் தெரிந்தது.

ஆடியவர் அப்பாவு. திருவொற்றியூர்க்காரர், ஐம்பத்திரண்டு வயது, நூற்றைந்து கிலோ. அவர் ஆட இறங்கவில்லை. பத்தொன்பது மணி நேரம் சீட்டிலேயே உட்கார்ந்ததில் வலது கால் மரத்துப்போய், அதை உதறிக்கொள்ள இறங்கினார். அவர் இறங்கிய இடம் ஜானட் கடை வாசல். ஜானட் ராயபுரத்து ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, பப்ஸும் கேக்கும் சுட்டு விற்பவர். அவருடைய அப்பா பெரம்பூரில் ரயில் ஓட்டியவர், சனிக்கிழமைகளில் ரயில்வே நடன மண்டபத்தில் டிரம்பெட் ஊதியவர். அந்தக் காலத்து ஸ்விங் இசையை மகள் பென் டிரைவில் ஏற்றி, கடையில் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருப்பார். டிரம்பெட்டும் கிளாரினெட்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓட, பின்னால் டிரம்ஸ்காரன் கதவைத் தட்டிக்கொண்டே வருகிற மாதிரி இருக்கும். அது காதில் விழாவிட்டால் தன் பப்ஸ் உப்புவதில்லை என்பது அவர் கட்சி. அப்பாவு அந்தத் தாளத்துக்குக் காலை உதறினார். கால் சரியாகிற பக்கம் ஒரு துள்ளல், ஆகாத பக்கம் ஓர் இழுப்பு, நடுவில் வலி தாங்காமல் இரண்டு சுற்று. வண்டிகள் நகர்ந்தன.

போக்குவரத்து ஏட்டு சுப்பராயன் ஓடிவந்தார். "இன்னாபா இது, ஆளே இல்லாம வண்டி போய்கினு கீது?" என்றார். அப்பாவு கையெடுத்துக் கும்பிட்டு, "சார், காலு மரத்துப் பூட்ச்சு. உதறிகினு இருந்தேன், அவ்ளோதான்" என்றார். சுப்பராயன் இருபத்தாறு வருட சர்வீஸ் பார்த்தவர். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "இன்னொரு தபா உதறு" என்றார். அப்பாவு உதறினார். இன்னும் ஒன்பது வண்டி போனது.

அந்த வரிசை ஏன் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் வரிசையில்தான் நிற்கிறார்கள். நல்ல நாளில் டோல்கேட்டோடு முடியும், கெட்ட நாளில் எண்ணூர் வரை போகும். டிரெய்லர் மேலிருக்கும் கன்டெய்னர் பெட்டியின் சீல் உடைந்தால் ஓட்டுநர்தான் பொறுப்பு என்பதால் வண்டியை விட்டுப் போக முடியாது. வேறு ஆளை உட்கார வைக்கலாம் என்றால், பாஸில் இருக்கிற முகம் வராமல் துறைமுக வாசல் திறக்காது. எனவே குளியல், சமையல், முகச்சவரம், சீட்டாட்டம் எல்லாம் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே. இப்படிப்பட்ட இடத்தில் ஆடினால் வழி பிறக்கும் என்று தெரிந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? ஆடினார்கள்.

விதிகள் மெல்ல மெல்லத் தெரியவந்தன. குத்துப்பாட்டு போட்டுப் பார்த்தார்கள்; தெருவே ஆடியது, ஒரு டயர்கூட அசையவில்லை. ஸ்விங் மட்டும்தான் செல்லும். சரி, ஸ்விங்குக்கு முறைப்படி ஆடத் தெரிந்தவர்கள் வரட்டும் என்று அடையாறு பக்கமிருந்து ஒரு நடனக் குழுவை அழைத்தார்கள். தோள்பட்டை வார் போட்ட கால்சட்டை, வழவழப்பான ஷூ, பையன்களும் பெண்களுமாகப் பிரமாதமாக ஆடினார்கள். ஜானட் மாவுக் கையோடு வெளியே வந்து, "லிண்டி ஹாப் மேன்! அது பாரு, சார்ல்ஸ்டன்!" என்று ஒவ்வோர் ஆட்டத்தையும் பெயர் சொல்லிக் கைதட்டிக் குதித்தார். வரிசை மூன்று வண்டி நீளம் பின்னால் போய், கடைசி டிரெய்லர் ஓர் ஆட்டோ ஸ்டாண்டுக்குள் அமைதியாக நுழைந்து நின்றது. பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு பப்ஸ் கொடுத்து மரியாதையாக அனுப்பி வைத்தார்கள். அன்றைக்குத்தான் எல்லோருக்கும் புரிந்தது: பார்த்தவுடன் இன்னது என்று சொல்லக்கூடிய எந்த ஆட்டமும் உதவாது. பெயரில்லாத ஆட்டம் வேண்டும். பெயர் விழுந்த கணத்தில் அந்த ஆட்டம் செத்தது.

இது வேறு ஊராக இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. வடசென்னையில் ஒருவன் பட்டப்பெயர் இல்லாமல் ஒரு வாரம் தாக்குப்பிடிப்பது கடினம். குடிவந்த மூன்றாம் நாள் வைத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு அவன் அம்மாவே அப்படித்தான் கூப்பிடுவாள். மனிதர்கள் என்றில்லை, மாநகராட்சியின் ரோடு ரோலருக்கும் உண்டு. இந்த வாய்களை வைத்துக்கொண்டு பெயரில்லாமல் ஓர் ஆட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். பஞ்சர் கடை ஒவைஸ் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டு ஆடிய ஆட்டம் ஏழு பாட்டுக்கு நின்றது. எட்டாவதில் யாரோ 'ஆணி தேடி' என்று சொல்ல, அதோடு போயிற்று. மீன்காரி புஷ்பவல்லி இடுப்புக்குக் கீழே அசையாமல் தோள் இரண்டை மட்டும் ஏற்றி இறக்கினாள். காசிமேட்டிலிருந்து வந்த அவள் தங்கையே 'தராசு' என்றுவிட்டாள். இரண்டு வருடத்தில் இருநூற்றுச் சொச்சம் ஆட்டங்கள் இப்படிப் பெயர்பெற்று மடிந்தன. ஆட்டம் நடக்கும்போது வேடிக்கை பார்ப்பவர்கள் வாயில் தண்ணீர் வைத்திருக்க வேண்டும் என்று சுப்பராயன் உத்தரவு போட்டார். சிரிப்பில் துப்பினார்கள். துப்பாதவர்கள் கையால் சைகை காட்டினார்கள், அதுவும் கணக்கில் சேர்ந்தது.

இந்த அழிவில் பெரும்பங்கு ஒரே ஆளுடையது. வியாசர்பாடி மனோகரன், இருபத்தொன்பது வயது, டிரெய்லர் ஓட்டுநர். பட்டப்பெயர் வைப்பதில் அவனை மிஞ்ச எண்ணூர் வரை ஆள் கிடையாது. கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவன். பெயர் அவன் வாய்க்குத் தானாக வரும், வந்ததை அவனால் அடக்க முடியாது, அவ்வளவுதான். அந்த மனோகரனுக்கும் புளியந்தோப்பு செங்கொடிக்கும் கல்யாணம் பேசியிருந்தார்கள். செங்கொடி பெரம்பூர் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். கண்ணில் கறுப்புக் கண்ணாடியும் கையில் நெருப்புமாக நாள் முழுக்க நிற்கிறவள், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. நிச்சயதார்த்தத்தன்று மனோகரன் வரிசையில் மாட்டிக்கொண்டான். அவனுக்குப் பதிலாக அவன் டிரைவிங் லைசென்ஸை வெற்றிலைத் தட்டில் வைத்து நிச்சயத்தை முடித்தார்கள். ஜனவரியில் குறித்த கல்யாணத்துக்கும் வரமுடியவில்லை, அறுபத்தொரு மணி நேரம் நின்றான். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வியாசர்பாடி புத்த விகாரையில், பகல் பன்னிரண்டு மணிக்குள் என்று மறுபடி குறித்தார்கள். வெள்ளிக்கிழமையே மனோகரன் வரிசையில் நின்றான். முதலாளி கடைசி டிரிப் என்று கெஞ்சி அனுப்பியிருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை செங்கொடி போன் செய்தாள். "தபாருய்யா, ஞாயித்துக்கெயம நீ வந்தா கண்ணாலம். வர்ல, அன்னியோட அவ்ளோதான். லைசென்ஸக் கட்டிக்கினு குடுத்தனம் பண்ண என்னால ஆவாது." மனோகரன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான் என்று அவனுக்குத் தெரியும். ராத்திரி முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை மத்தியானம் அப்பாவு மனம் இரங்கினார். முட்டி வலியால் ஆட்டத்தை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. பையனுக்காக இறங்கினார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களைத் தேய்த்துத் தேய்த்து உதறி, தாடையை முன்னால் விட்டு உடம்பைப் பின்னால் கூட்டிக்கொண்டு போகிற ஓர் ஆட்டம். அதுவரை யாரும் கண்டதில்லை. ஒரே பாட்டில் இருபத்திரண்டு வண்டி நகர்ந்தது. இன்னும் இரண்டு பாட்டு ஓடியிருந்தால் மனோகரன் வாசலில் நின்றிருப்பான். கேபினிலிருந்து அதைப் பார்த்தவன் முகம் மலர்ந்தது, வாய் திறந்தது. "நைனா, பந்தில சம்மந்தி கை கழுவுற மாறியே கீது!"

முப்பத்தெட்டு வண்டி மிச்சம் இருக்க வரிசை நின்றது. அப்பாவு மூச்சு வாங்க அவனையே பார்த்துவிட்டு, "உன் வாய்ல பெவிகால் ஊத்த" என்று மட்டும் சொல்லி, முட்டியைப் பிடித்தபடி வண்டியில் ஏறிப் படுத்துவிட்டார். மனோகரன் தலையில் அடித்துக்கொண்டான். இனி என்ன அடித்து என்ன?

ஞாயிறு காலையில் எல்லோரும் தங்களால் ஆனதை ஆடினார்கள். ஒவைஸ் ஆடினான், புஷ்பவல்லி ஆடினாள், சுப்பராயனே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஆடினார். ஒவ்வொன்றுக்கும் கால் தூக்குமுன் பெயர் வந்து விழுந்தது. பத்தே முக்கால் ஆயிற்று. மனோகரன் வெள்ளைச் சட்டை போட்டு, பக்கக் கண்ணாடியில் பார்த்து ஒரு கன்னம் சவரம் செய்து முடித்திருந்தான். மறு கன்னத்தில் சோப்பு காய்ந்துகொண்டிருந்தது. அப்போது ஜானட் கடை எதிரே ஓர் ஆட்டோ வந்து நின்றது. கல்யாண வெள்ளைப் புடவையில் செங்கொடி இறங்கினாள். ஆடுவதற்கு வரவில்லை, உறவை அறுத்துக்கொள்ள வந்திருந்தாள். போனில் சொன்னால் போதாது, முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று வந்திருந்தாள்.

"யோவ்!" என்று அவள் கூப்பிட்ட சத்தத்தில் நாலு வண்டி தள்ளித் தூங்கியவன் எழுந்தான். மனோகரன் சோப்புக் கன்னத்தோடு திரும்பினான். அதைப் பார்த்ததும் செங்கொடிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததில் கோபம் கூடியது. வலது கால் அவனைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தது, இடது கால் ஆட்டோவைப் பார்த்துத் திரும்பியது. கை ஒன்று அடிக்க ஓங்கியது, இன்னொன்று கண்ணைத் துடைத்தது. போகலாம் என்று திரும்பினாள், திரும்பிய வேகத்தில் முழுச் சுற்றாகி மறுபடி அவனைப் பார்த்தே நின்றாள். ஜானட் கடையில் டிரம்பெட் ஏறிக்கொண்டிருந்தது. செங்கொடிக்கு அது காதில் விழுந்ததா என்பதே சந்தேகம். உடம்புக்கு விழுந்திருக்க வேண்டும். தாளத்துக்கு அரை வினாடி முன்னாலோ பின்னாலோ, ஒருபோதும் அதன் மேல் விழாமல், வந்தாள், போனாள், வந்தாள். முப்பத்தெட்டு வண்டியும் ஒன்றாகக் கிளம்பின.

கூட்டம் வாயைப் பிளந்து நின்றது. சண்டை என்றால் சண்டை இல்லை, கொஞ்சல் என்றால் அதுவும் இல்லை. ஊரிலுள்ள ஆட்டம் எல்லாவற்றுக்கும் பெயர் தெரிந்த ஜானட், "இது... இது வந்து..." என்று விரலை நீட்டியபடியே நின்றார், ஒன்றும் வரவில்லை. ஓடிப்போய்ப் பாட்டை மறுபடி போட்டார். நகர்கிற வண்டியோடு செங்கொடியும் திட்டிக்கொண்டே ஆடிக்கொண்டே வந்தாள்.

மனோகரனுக்கு மட்டும் தெரிந்தது. இவள் என்னை விட்டுவிட்டுப் போகத்தான் வந்தாள், இவளால் முடியவில்லை. அது புரிந்ததும் அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகைக்குப் பின்னாலேயே ஒரு பெயரும் வந்தது. அவன் வாழ்க்கையில் வைத்ததிலேயே சிறந்த பெயர், நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கல்யாணத்துக்கு வாங்கிய புதுக் கைக்குட்டையை எடுத்து வாயில் முழுசாக அடைத்துக்கொண்டான். துறைமுக வாசலில் காவலர் பெயர் கேட்டதற்கும் வாயைத் திறக்காமல் பாஸை நீட்டினான். கன்னம் உப்பியிருந்ததால் முகம் பார்க்கும் இயந்திரம் இரண்டு முறை இவன் அவனில்லை என்றது, மூன்றாம் முறை ஒப்புக்கொண்டது. பெட்டியை இறக்கிவிட்டு, செங்கொடியோடு விகாரைக்கு வந்து சேரும்போது பன்னிரண்டுக்கு நாலு நிமிடம் இருந்தது. உறுதிமொழி சொல்ல வேண்டிய இடத்தில்தான் கைக்குட்டையை வெளியே எடுத்தான். "சம்மதம்" என்று சொல்லிவிட்டு உடனே மறுபடி அடைத்துக்கொண்டான்.

அது என்ன ஆட்டம் என்று மனோகரனிடம் எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்தார்கள். அப்பாவு பிரியாணி வாங்கிக் கொடுத்துக் கேட்டார். "தெர்லபா" என்பதே அவன் பதில். செங்கொடியிடமும் அவன் சொன்னதில்லை. ஓட்டுநர் சங்கத்தார் மாலையும் பழத்தட்டுமாகப் போய் அவளை ஒருமுறை அழைத்து வந்தார்கள். அவள் சந்தோஷமாகக் கையைக் காலை ஆட்டினாள், பாட்டு முடியும் வரை ஆட்டினாள், ஒரு வண்டியும் அசையவில்லை. அடுத்த மாதம் கரண்ட் பில் கட்ட மறந்த மனோகரனைத் தேடி அவள் வரிசைக்கே சண்டைக்கு வந்த அன்று, டோல்கேட் வரை சாலை துடைத்த மாதிரி இருந்தது. இப்போதெல்லாம் எண்ணூரிலிருந்து பெட்டி ஏற்றும் ஓட்டுநர்கள் கிளம்புமுன் மனோகரனுக்கு ஒரு போன் போட்டு, "இன்னா மாமு, வூட்ல எப்டி கீது?" என்று விசாரித்துக்கொள்கிறார்கள். சண்டை என்றால் அப்படியே கிளம்புகிறார்கள். "நல்லா கீறோம்பா" என்று அவன் சொல்லிவிட்டால், பெருமூச்சு விட்டு, வாழ்த்துச் சொல்லி, அடுப்பையும் மூன்று நாளைக்கு அரிசியையும் எடுத்து வண்டியில் வைத்துக்கொள்கிறார்கள்.