இரண்டு இடத்தில் அக்கா

"அப்படி ஒரு பேரே இல்லையேம்மா." ஆஸ்பத்திரிப் பதிவுக்காரர் அடையாள அட்டையைப் பார்த்துப் பார்த்து மறுபடியும் தட்டினார்.

"உள்ள கிடக்கிறது என் அக்கா. நேத்து சேர்த்து, விடியக்காலைல போயிட்டா. பேர் இல்லாமலா சேர்த்தீங்க?" தங்கையின் குரல் உயரவில்லை. ஆனாலும் பின்னால் வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"கம்ப்யூட்டர்ல வந்தாத்தான் பாடியைக் கொடுக்க முடியும். என்கிட்ட கோவிச்சு என்ன பண்றது?"

சுவரோர நாற்காலியில் மாமா, அக்காவின் கணவர், அவளுடைய செருப்பை ஒரு பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். தங்கை ஊரிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து அவர் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். "அவ சொன்னா, சின்னு. ஏதோ ஒரு ஊசி எனக்கு ஒத்துக்காது, பேர் மறந்துடுச்சு, முன்னாடி இங்கதான் காட்டினேன், உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும் பாருங்கன்னு. பார்த்துட்டு, பழசு எதுவும் இல்லன்னுட்டாங்க."

தங்கை ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பழைய செய்திகளைத் தேடிக் கொடுப்பவள். ஒரே ஆளின் பெயரை ஒவ்வொரு நிருபரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். அத்தனையையும் ஒரே தேடலில் பிடிப்பதுதான் அவள் பிழைப்பு.

"முழுப் பேரையும் அடிக்காதீங்க. முதல் ரெண்டு மூணு எழுத்து போட்டு, ஒட்டி ஒரு ஸ்டார் போடுங்க."

"ஸ்டாரா?"

"அதுக்கப்புறம் எந்த எழுத்து வந்தாலும் சரின்னு அர்த்தம்."

பதிவுக்காரர் சலித்துக்கொண்டே போட்டார். பெயர்கள் மளமளவென்று இறங்கின. அவற்றுள் அக்கா இரண்டு இடத்தில் இருந்தாள். அதே பிறந்த தேதி, அதே விலாசம். நேற்றைய பதிவில் பெயரின் நடுவே ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. பழையதில் அதே எழுத்து இரண்டு தடவை.

"ரெண்டையும் திறங்க."

பழையதில், பெயருக்குக் கீழே, சிவப்பில் ஒரு வரி. ஓர் ஊசியின் பெயர், அதைப் போடக் கூடாது என்று. நேற்றைய பதிவில் அதே ஊசியின் பெயர். போட்டாயிற்று என்ற குறிப்போடு.

பதிவுக்காரரும் படித்துவிட்டார். அவர் கை மவுஸுக்குப் போயிற்று. "கிடைச்சிடுச்சும்மா. கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க."

"மூடாதீங்க."

"ஆபீஸ் ஸ்கிரீன்மா. நீங்க பார்க்கக் கூடாது."

"நீங்க பார்த்திருக்கணும். நேத்து."

"நேத்து நான் இல்லம்மா. வேற ஆள்."

"அந்த ஆளோட கீபோர்டுல ஸ்டார் இல்லையா?"

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பெரிய அதிகாரியைக் கூப்பிடுவதாக முணுமுணுத்துவிட்டு எழுந்து போனார். வரிசையில் ஒருவரும் நகரவில்லை.

தங்கை மேஜைக்கு மேலாகக் கையை நீட்டித் திரையை வெளிப்பக்கம் திருப்பினாள். "மாமா, இங்க வாங்க."

அவர் வந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் விரலை வைத்து, உதடு அசைய, மெதுவாகப் படித்தார். பாதியில் திரை தானாக மங்கியது. அவள் ஒரு விசையைத் தொட்டாள். ஒளிர்ந்தது. அவர் விட்ட இடம் தெரியாமல் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அவள் விசையிலிருந்து விரலை எடுக்காமல் நின்றாள்.