ஆளில்லாத வண்டிக்குச் சூடு

குளிர் தொடங்கியதிலிருந்து அந்த வீட்டில் ஒரே சண்டைதான். ஆளே ஏறாத வண்டிக்கு எதற்குச் சூடு?

கேட்கிறவர் வெல்டர். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப் போனவள் அவர் மனைவி. டைல்ஸ் ஒட்டுகிறவள். தரையை ஒரு பார்வை பார்த்தே எந்த மூலை தாழ்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அதனால் வேலை இடத்தில் அவளுக்கு ரசமட்டம் என்று பேர்.

"பனியில இரும்புச் சட்டத்து மேல உக்காந்து பத்த வச்சவன் நான். எனக்கு எவன் முன்கூட்டியே சூடு பண்ணி வச்சான்?"

"உங்களுக்குப் பேட்டரி கிடையாது. கொழுப்பு இருக்கு. அது தாங்கும்."

வண்டி மூன்று கை மாறி வந்த எலெக்ட்ரிக் கார். பிடித்துக் கொடுத்தவன் அவள் தம்பி, பார்சல் வேன் ஓட்டுகிறவன். போனில் எங்கே தட்டினால் என்ன நடக்கும் என்று அவன்தான் அக்காவுக்குக் காட்டிக் கொடுத்தான். குளிரில் பேட்டரி விறைத்துப் போகும். உள்ளே இருப்பதை முழுசாகத் தராது. வயர் செருகியிருக்கும்போதே வீட்டுக் கரண்டில் பேட்டரியையும் வண்டிக்குள்ளேயும் சூடு பண்ணிக்கொண்டால், ஏற்றி வைத்த சார்ஜ் அப்படியே ரோட்டுக்கு மிஞ்சும். விஷயம் அவ்வளவுதான். பனிக்காலத்தில் அறையைச் சூடாக்காமல் டைல்ஸ் ஒட்டினால் பசை பிடிக்காது என்று தெரிந்தவளுக்கு இது உடனே விளங்கியது.

மறுநாள் அவளுக்குப் பெரிய நாள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி எழும்பிக்கொண்டிருந்தது. அதன் நடைபாதைத் தரைக்கு ஆள் தேடினார்கள். இத்தனை வருஷம் ஒரு மேஸ்திரியின் கீழ் குனிந்து ஒட்டியவள், முதல் தடவையாகத் தன் பேரிலேயே வேலை கேட்டிருந்தாள். காலையில் வேலை தொடங்கும்போது வந்து சாம்பிள் ஒட்டிக் காட்ட வேண்டும். வராவிட்டால் வேலை அந்த மேஸ்திரிக்கே. வழியில் சார்ஜ் போட இடம் கிடையாது. வண்டி சூடாகக் கிளம்பினால்தான் அங்கே போய்ச் சேரும். அதிலும் மீதி கொஞ்சம்தான்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவள் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள்.

"தடிச்ச தகட்டைப் பத்த வைக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"

"கேஸ் டார்ச்சுல சூடு காட்டுவேன். இல்லைன்னா வெடிப்பு விடும்."

"அதான்."

வெல்டரின் கை தட்டிலேயே நின்றது.  "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார், குற்றம் முழுக்க அவள் மேல்தான் என்பதுபோல.

காலையில் அவள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வண்டிக்குள் கதகதவென்று இருந்தது. சீட்டுக்கூடச் சூடு. பிளாஸ்கில் டீ. பக்கத்தில் வெல்டர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"உனக்கு முன்னாடியே எழுந்து ஹீட்டரை முழுசா வச்சிட்டேன். போ, ராணி மாதிரி போ."

அவள் கண் அவரைத் தாண்டிச் சுவரில் போய் நின்றது. ஆணியில் சார்ஜ் வயர் தொங்கிக்கொண்டிருந்தது. அளவெடுத்த மாதிரி வட்டம் வட்டமாகச் சுற்றி, நுனியைச் செருகி முடிச்சிட்டு. பட்டறையில் அவரைப்போல வயர் சுற்ற ஆள் கிடையாது.

"இதை எப்ப புடுங்குனீங்க?"

"எழுந்ததும். ஈரத்துல பாம்பு மாதிரி கெடந்துச்சு. கால் தடுக்கி எவனாவது விழுந்தா? தரையில வயரைப் போட்டு வைக்கிறவன் தொழிலாளியே இல்ல. அதைச் சுத்தி வச்சிட்டுத்தான் ஹீட்டரைப் போட்டேன்."

 உள்ளே எட்டிப் பார்த்தாள். சார்ஜ் கால்வாசிக்கு மேல் காணாமல் போயிருந்தது. பேட்டரியோ பச்சைத் தண்ணீர்போலச் சில்லென்று கிடக்கிறது என்று போன் சொன்னது. திட்டலாம் என்று வாயைத் திறந்தாள். பிளாஸ்க் கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டு தம்பிக்கு போன் போட்டாள்.

"மாமாகிட்ட குடு" என்றான் அவன்.

வெல்டர் போனை வாங்கினார்.

"மாமா, வீட்டுக் கரண்டு தின்ன வேண்டிய சூட்டை வண்டி வயித்துல இருந்து எடுத்துக் குடுத்திருக்கீங்க. பாசம்னா இதான் பாசம்."

"நக்கல் அப்புறம். இப்ப என்ன செய்ய?"

"ஹீட்டரை அணைங்க. மெதுவா உருட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க. ஏத்தத்துல மட்டும் சாமியைக் கும்பிட்டுக்குங்க."

ஹீட்டர் அணைந்தது. மூச்சுவிட்டாலே கண்ணாடியில் பனி படர்ந்தது. வெல்டர் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"நீங்க எங்க?"

"பட்டறையில இன்னைக்கு வேலை இல்ல. கண்ணாடியை யாரு தொடைக்கிறது?"

"உங்க எடைக்கே பாதி சார்ஜ் போயிடும்."

"ராத்திரி பாதிதானே சாப்பிட்டேன். மீதியை நீ தகட்டுக் கதை சொல்லி நிறுத்திட்ட."

ஆணியில் தொங்கிய வயரையும் எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். அவள் கோட்டு, போர்வை, தலைத்துணி எல்லாவற்றுக்கும் உள்ளிருந்து எட்டிப் பார்த்து ஓட்டினாள். அவர் பழைய பனியன் ஒன்றால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். சைக்கிள்காரன் ஒருவன் முந்திப் போனான். போகிற போக்கில் திரும்பி உள்ளே பார்த்துவிட்டும் போனான்.

ஏற்றத்தில் சார்ஜ் சட்சட்டென்று இறங்கியது.  உச்சியில் சார்ஜ் எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. வெல்டர் துடைப்பதை நிறுத்தினார்.

"வேலை போச்சுன்னா என்னாலதான்."

"வேலை போகட்டும், அப்புறம் பாருங்க. இப்பத் தொடைங்க, ரோடு தெரியல."

இறக்கம் வந்தது. பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு வண்டியை அதன் போக்கில் விட்டாள். சக்கரம் சுழல்கிற வேகமே சார்ஜாக மாறிப் பேட்டரிக்குத் திரும்பி ஏறும் என்று தம்பி சொல்லியிருந்தான். எண் ஒன்று கூடியது. இன்னும் ஒன்று.

"ஏறுது" என்றார் வெல்டர் மெதுவாக, சத்தமாகச் சொன்னால் இறங்கிவிடும் என்பதுபோல.

ஆஸ்பத்திரி வாசலில் மேஸ்திரி ரப்பர் சுத்தியலோடு தயாராக நின்றார். சூப்பர்வைசர் அவரை உள்ளே கூப்பிட வாயெடுத்த நேரம், இந்த வண்டி தவழ்ந்து வந்து நின்றது. அவள் இறங்கினாள். விரல்கள் மடங்கவில்லை. பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி, குடிக்காமல் இரண்டு கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள். விரல் மடங்கியதும் பசை தடவும் கரணையை எடுத்தாள்.

அவள் ஒட்டிய இடத்தில் சூப்பர்வைசர் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நின்றது. திருப்பி வைத்தார். அங்கேயும் நடுவில்தான். மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு, "நான் பழக்கின கை" என்றார்.

"நான் மட்டம் பார்த்துக் குடுத்த தரையிலதான் நீங்க பேரு வாங்குனீங்க, அண்ணே" என்றாள் அவள், தலை நிமிராமலே. சூப்பர்வைசர் சிரித்தார். நடைபாதை அவளுடையது ஆனது.

சாயங்காலம் கிளம்புவதற்கு முன் போனில் தட்டி வண்டிக்குச் சூடு வைத்தாள். வெளிச்சுவரில் இருந்த பிளக்கில் செருகிய வயர், மண்ணில் வளைந்து வளைந்து கிடந்தது. வெல்டர் அதன் பக்கத்தில் நின்றார். கை பரபரத்தது. இரண்டு கையையும் எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

கட்டடத்து எலெக்ட்ரீஷியன் வந்தான். நாள் முழுக்கப் பரப்பிய வயர்களை ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டே வந்தவன், இதற்கும் குனிந்தான்.

"தொடாதே" என்றார் வெல்டர்.

"தரையில கெடக்குதே அண்ணே. எவனாவது தடுக்கி விழுவான்."

"விழுந்தா நான் தூக்கி விடறேன். வண்டி சூடாகிட்டு இருக்கு."

அவன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான். "உள்ள ஆளே இல்லையே?"

கரணையைக் கழுவிக்கொண்டிருந்த ரசமட்டம் திரும்பிப் பார்த்தாள். வெல்டர் அவனை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவன் தோளில் கை போட்டார்.

"நீ தடிச்ச தகடு பார்த்திருக்கியா, தம்பி?"