கடலிலிருந்து அறுபது தப்படி

மண் விஷயத்தில் சபாபதியை யாரும் ஏமாற்ற முடியாது. கட்டடம் எழும்புவதற்கு முன்னால் பூமிக்குள் குழாயை இறக்கி மண்ணெடுத்துப் பார்க்கிற கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் வேலை செய்தவர். எடுத்த மண்ணைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, எந்த இடம், எத்தனை ஆழம், என்ன தேதி என்று மார்க்கர் பேனாவால் எழுதி வைப்பார். அம்பாங் மண்ணையும் பிரிக்பீல்ட்ஸ் மண்ணையும் நீட்டினால் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேய்த்தே எது எது என்று சொல்லிவிடுவார். மற்ற காரியங்களில் மனிதர் சுத்த அசடு. பாசாரில் நல்ல மீன் எது, கெட்ட மீன் எது என்றுகூடத் தெரியாது. அப்படிப்பட்டவர் பெண்டாட்டியிடம் ஒரே ஒரு பொய் சொன்னார். அதையும் மண் விஷயத்தில்தான் சொன்னார். பதினான்கு வருடம் அதைக் காப்பாற்றியும் வந்தார்.

அவருக்கும் புஷ்பவல்லிக்கும் பிறந்த முதல் குழந்தை இருபத்து மூன்று நாள்தான் உயிரோடு இருந்தது. பதினாறாம் நாள் மலர்விழி என்று பெயர் வைத்தார்கள். ஒரு வாரத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். பச்சைக் குழந்தையை எரிக்கக் கூடாது என்பதால், காப்பார் ஊருக்கு அப்பால் கடலோரத் தோட்டத்தில் இருந்த இடுகாட்டில் புதைத்தார்கள். கல் வைக்கக் கூடாது, அடையாளமே கூடாது, அப்போதுதான் அடுத்தது தங்கும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சபாபதி அப்படியே செய்தார். ஆனால் தொழில் புத்தி சும்மா இருக்குமா? கடல் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கப் போட்டிருந்த மண்கரை, எல்லாரும் பண்ட் என்பார்களே, அதிலிருந்து தோட்டத்துப் பக்கமாக நேரே நடந்து எண்ணிக்கொண்டார். அறுபது தப்படி.

பொம்பளைகள் இடுகாட்டுக்குப் போகக் கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொன்னதால் புஷ்பவல்லி வீட்டிலேயே இருந்தாள். வருடா வருடம் அந்த நாளில் சபாபதி மட்டும் பால் பாக்கெட்டோடு மோட்டார் சைக்கிளில் போய் வருவார். திரும்பி வந்ததும், "சரியா அறுபது தப்படி எண்ணினீங்களா?" என்று கேட்பாள். "எண்ணினேன்லா" என்பார். பதினேழு வருடம் இப்படியே போனது. பிறகு மாமியார் இறந்தார். "இந்தத் தடவை நானும் வரேன். யாரு தடுக்குறாங்க பாத்துடலாம்" என்றாள் புஷ்பவல்லி.

அவள் வருகிறாளே, புல்லைச் செதுக்கி வைப்போம் என்று நான்கு நாள் முன்னதாகவே சபாபதி போனார். அங்கே இடுகாடு இல்லை. பண்டும் இல்லை. முந்தைய மழைக்காலத்தில் கடல் கரையை உடைத்துக்கொண்டு வெகுதூரம் உள்ளே வந்துவிட்டதாம். தோட்டத்தை மூடி ஆட்கள் எப்போதோ போய்விட்டதால் அவருக்குச் செய்தி சொல்ல நாதியில்லை. வெகுதூரம் உள்ளே தள்ளி, லோரி லோரியாகச் செம்மண் கொட்டிப் புதிய பண்ட் போட்டிருந்தார்கள். அதன்மேல் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்க அழுதார். நான்கு நாள் கழித்துப் புஷ்பவல்லி ஆசையாசையாக வந்து நின்றபோது உண்மையைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. புதிய பண்டிலிருந்து அறுபது தப்படி எண்ணி, "இங்கதான்" என்று காட்டிவிட்டார்.

அவள் அங்கே குப்புற விழுந்து அந்தப் புல்லைத் தடவிக் கொடுத்ததைப் பார்த்தவர்கள் யாரும் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். சபாபதி பாவம், அவரும் சொல்லவில்லை.

குற்ற உணர்ச்சிக்கு மருந்து வேண்டுமே. அவருக்கு அது வேலை இடத்தில் கிடைத்தது. கம்பெனியில் புவியியல் படித்த யுகேந்திரன் என்பவன் இருந்தான். கிள்ளானில் ஒருமுறை குழாயில் சாம்பல் நிறக் களிமண்ணும் அதற்குள் சிப்பி ஓடும் வந்தபோது, "அங்கிள், அஞ்சாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்கெல்லாம் கடல்தான்" என்றான். அதற்கும் முன்னால், உலகமே பனியில் உறைந்து கிடந்த காலத்தில், கடல் வற்றி இங்கிருந்து சுமத்ராவுக்கு நடந்தே போகலாமாம். அம்பாங் பக்கத்துக் கருங்கல் மலைகள் இருபது கோடி வருடத்துக்கு முன் பூமியின் அடிவயிற்றில் குழம்பாக இருந்து இறுகியவையாம். மேலே இருந்ததெல்லாம் கரைந்து போனபிறகு வெளியே தெரிகின்றனவாம். அவையும் துளித்துளியாகக் கரைந்து ஆற்றோடு வந்து கடலோரமாகப் படிகின்றன. சபாபதி இதையெல்லாம் மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டார். கோடிக் கணக்கில் பேசும்போது இருபத்து மூன்று நாள் எந்த மூலைக்கு? கடல் வரும், போகும், எதுவும் எங்கேயும் போய்விடவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தூங்கினார்.

இந்த வருடம் புஷ்பவல்லிக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. இனி மருந்தால் பயனில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நாள் வந்தது. நடக்க முடியாத நிலையிலும் காரில் ஏறி உட்கார்ந்தாள். பண்டோரமாக நிறுத்தி, கைத்தாங்கலாக அழைத்துப் போனார். அவளே வாய்க்குள் அறுபது எண்ணினாள். பாலை ஊற்றினாள். பிறகு மடியிலிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்து, இரண்டு கை மண்ணைச் சுரண்டிப் போட்டாள்.

"இது என்கூட வரணும். என்னை எரிக்கும்போது நெஞ்சு மேல போடணும். ஜீவன்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள். ஜீவன் அவர்களுடைய மகன், இரண்டாவதாகப் பிறந்து தங்கியவன். "நீங்க வேலையில எழுதுவீங்கல்ல, அதே மாதிரி எழுதிக் கொடுங்க. பேரு, இடம், எல்லாம். அவன் எதையாவது மாத்தி வச்சுடப் போறான்."

சபாபதி மார்க்கரை எடுத்தார். மலர்விழி என்று எழுதினார். இடம் எழுதப் போகும்போது கண் பைக்குள் போனது. சிவந்த மண். பண்ட் போட்டபோது லோரிகள் சிந்திவிட்டுப் போனது. பருபருவென்று மலை மணல் கலந்து கிடந்தது. எங்கோ ஒரு குன்றை வெட்டிக் கொண்டுவந்தது. முப்பத்தைந்து வருடத்தில் ஒரு பையிலும் அவர் தப்பான இடம் எழுதியதில்லை.

"என்னங்க, மை இல்லையா?"

"மை இருக்கு."

"அப்புறம் என்ன?"

"வல்லி, இது அவ மண் இல்ல" என்றார். சொன்னதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பண்டுக்கு அந்தப் பக்கம், தண்ணீரில் மொட்டையாக நின்ற மரங்களைத் தாண்டிக் கையைக் காட்டினார். "அங்க. கடல் எடுத்துக்கிச்சு. நீ மொத தடவை வந்தப்பவே இல்ல."

அவள் அந்தப் பக்கமே பார்த்தாள். "பதினாலு வருஷம்" என்றாள். "பதினாலு வருஷம் நான் யாருக்குப் பால் ஊத்தினேன்?"

அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. கிள்ளானே ஒரு காலத்தில் கடல் என்றார். தண்ணீர் ஒருநாள் திரும்பப் போகும் என்றார். மலையே கரைந்துதான் இந்தக் கரை ஆனது, எதுவும் அழிவதில்லை என்றார்.

"அவ என் மக. மலையில்ல" என்றாள் புஷ்பவல்லி.

"தண்ணி இறங்கட்டும். நான் போய் அங்க இருக்குற களிமண்ணையே எடுத்தாறேன்."

"அதுல அவ இருக்காளா? மண்ணுக்காரர்தானே நீங்க, சொல்லுங்க."

இருக்கிறாள் என்று சொல்ல ஒரு நொடி போதும். சபாபதி தலையைக் குனிந்து, "சொல்ல முடியாது" என்றார்.

அவள் பையைத் தலைகீழாகப் பிடித்தாள். மண் கொட்டியது.

"கடல் எடுத்தது தெரிஞ்ச அன்னைக்கு இங்க உக்காந்து அழுதீங்களா?"

"ஒரு நாள் பூரா."

"அவ செத்தப்ப பொம்பள வரக்கூடாதுன்னு என்னை வீட்டுல உக்கார வச்சுட்டுப் போய்ப் பொதைச்சீங்க. ரெண்டாவது தடவை அவ போனப்பவும் நீங்களே தனியா வந்து அழுது முடிச்சுட்டீங்க. நான் பெத்தவ. எனக்கு ஒரு தடவையாவது விட்டு வச்சிருக்கலாம்ல?"

புஷ்பவல்லி தட்டுத்தடுமாறிப் பண்ட் வரை நடந்து, அதன் சரிவில் ஏறி உட்கார்ந்து, கடலைப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டு, அன்றுதான் சாவு விழுந்தவள் போல வாய்விட்டு அழத் தொடங்கினாள். உடம்பில் அவ்வளவு தெம்பு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அவர் பயந்துபோய், பக்கத்தில் வந்து தோளைப் பிடித்தார்.

"நீங்கதான் அழுதுட்டீங்கல்ல" என்று கையைத் தள்ளினாள். "என்னை அழ விடுங்க."

சபாபதி எழுந்து, காருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.