மச்சினன் பிடிக்கும் கயிறு

புதுத் துறைமுகம் திறந்த வருஷம் அது. வாடகைக்கு எடுத்த மூன்று நாவல்களையும் புத்தகக் கடை ஜேசுபாதம் அண்ணாச்சியின் மேஜையில் போட்டேன். "எப்படி இருந்துச்சும்மா?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"துப்பறியும் கதையில கொலைகாரன் யாருன்னு அட்டையிலயே படம் போட்டுருக்கான். ராஜா கதையில இளவரசி அழுத அழுகைக்கு, பழைய கொற்கைத் துறைமுகத்த விட்டுக் கடல் விலகியிருக்கவே கூடாது. அதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன். இந்தக் கடல் கதைய எழுதுனவன் எந்த ஊரு?"

"மெட்ராஸ்னு நெனைக்கேன்."

"சொத்துக்கு ஆசைப்பட்டு, கடலுக்குள்ள முங்குன அத்தானோட கயித்த மச்சினனே அறுத்துட்டானாம். எங்க ஆளுக சங்கு குளிக்கப் போனா, மேல இழுத்துத் தூக்குற கயித்தப் பொண்டாட்டி கூடப் பொறந்தவன் கையிலதான் குடுப்பாக. அக்கா தாலியறுக்க எந்தத் தம்பியும் விடமாட்டாங்கிற நம்பிக்கையிலதான் அந்த வழக்கமே."

"கதைதானம்மா," அண்ணாச்சி சிரித்தார்.

"கதைன்னுதான் நானும் எங்க வீட்டுக்காரருக்கு வாசிச்சுக் காட்டுனேன். மத்த ரெண்டுக்கும் தூங்கிட்டாரு. இத மட்டும் கடைசி வரைக்கும் முழிச்சிருந்து கேட்டாரு. இன்னைக்குக் காலையில சங்கு குளிக்க வள்ளம் ஏறும்போது எந்தம்பி தொம்மை எப்பவும் போலக் கயித்துக்குக் கைய நீட்டியிருக்கான். இவரு அத வேற ஆளுகிட்டக் குடுத்துட்டுப் போயிட்டாரு."

அண்ணாச்சியின் சிரிப்பு நின்றது.

"தொம்மை வெறுங்கையோட வந்து எங்க வீட்டு வாசல்ல உக்காந்திருக்கான். 'நான் என்ன தப்புப் பண்ணுனேன், அக்கா'ன்னு கேக்கான். எழுதுனவன வந்து பதில் சொல்லச் சொல்லுங்க, அண்ணாச்சி."