போடாத ஊசி

இது நடந்தது பங்குனியிலா சித்திரையிலா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. இதை எனக்குச் சொன்ன பொற்கொடியே இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறாள். வருஷம் மட்டும் சந்தேகமில்லாமல் 2017; பள்ளிக்கூடங்களில் தட்டம்மை ஊசி போட்ட வருஷம்.

ஊசி போடும் நாளில் பொற்கொடி தன் மகள் எழில்மதியை, வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் வைத்துக்கொண்டாள். அந்த ஊசி போட்டால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது என்று ஒரு பெண் அழுதபடி பேசிய பதிவு போன் போனாகத் தெருவெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. அது பொய் என்று நர்ஸ் வீடு தேடி வந்து இரண்டு முறை சொன்னாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று பொற்கொடி அனுப்பிவிட்டாள்.

மந்தாரக்குப்பத்தில் அவள் வீட்டுக்கும் அருள்மொழி வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அருள்மொழி தென்காசிப் பக்கத்துக்காரி. கணவனுக்குச் சுரங்கத்தில் வேலை, குவார்ட்டர்ஸுக்குக் காத்திருந்தார்கள். அவளுடைய மகன் செந்தில்நாதனுக்கு ஏழு மாதம். எழில்மதி பள்ளி விட்டதும் பையை எறிந்துவிட்டு அவனைத் தூக்கத்தான் ஓடுவாள்.

அந்த எழில்மதிக்குக் காய்ச்சல் வந்தது, கண் சிவந்தது. நாலாம் நாள் காதுக்குப் பின்னாலிருந்து சிவப்பாகத் தடித்து இறங்கியது. பொற்கொடி வாசலில் வேப்பிலை செருகினாள். பக்கத்து வீட்டில் அம்மை இருக்கும்போது கடுகு வெடிக்கக் கூடாது என்று அருள்மொழியும் தாளிப்பதை நிறுத்தினாள். மறுநாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இளநீரோடு வந்து நின்றாள்.

பொற்கொடி அந்தக் குழந்தையைப் பார்த்தபடியே நின்றாள். முந்தாநாள் வரை அவன் எழில்மதியின் மடியில் கிடந்தவன். வாயை மூடிக்கொண்டால் யாரும் அவளை எதுவும் கேட்கப்போவதில்லை.

“உள்ள வராத அருளு. புள்ளய தூக்கிகினு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ.”

“இவனுக்கு ஒண்ணுமில்லையேக்கா.”

“எம் பொண்ணுக்கு நான் ஊசி போடல. பொய் சொல்லி வூட்டுலயே வச்சிகினேன்.”

அருள்மொழி பிள்ளையை இடுப்பிலிருந்து மார்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, “இவனுக்கு ஒம்பதாம் மாசந்தான் போடுவோம்னாங்க,” என்றாள். இளநீரை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

டாக்டர் சத்து மருந்து கொடுத்து, தினமும் கொண்டுவந்து காட்டச் சொன்னார். பத்தாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு சளி நெஞ்சில் இறங்கி, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்தார்கள். அதற்குள் எழில்மதி தேறியிருந்தாள். பொற்கொடி கஞ்சித் தூக்கோடு போய் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். அருள்மொழி கஞ்சியை வாங்கவில்லை, போகவும் சொல்லவில்லை. இரண்டு நாள் அப்படியே கழிந்தது.

மூன்றாம் நாள் அருள்மொழி வெளியே வந்து, பிள்ளையின் ஈரத்துணிகளை அவள் மடியில் வைத்தாள்.

“இத அலசிக் குடுக்கா. இவன விட்டுட்டுக் குழாயடிக்குப் போக முடியல.”

பொற்கொடி குழாயடியில் நின்று, ஒவ்வொரு துணியாகச் சோப்பு வாசனை போகும்வரை அலசினாள்.

செந்தில்நாதன் பிழைத்தான், இடது காது மட்டும் கொஞ்சம் மந்தம். அருள்மொழி குடும்பத்தார் குவார்ட்டர்ஸ் கிடைத்துப் போய்விட்டார்கள். எழில்மதிக்கு அந்த மாதமே ஊசி போட்டாயிற்று. இப்போது மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். பொற்கொடி அதே வீட்டில் இருக்கிறாள். நர்ஸ் தெருவுக்கு வரும் நாட்களில் கூடவே நடந்து, ஊசி வேண்டாம் என்கிற வீடுகளில் நடந்ததைச் சொல்கிறாள்.